ஆர்க்கிடெக்ட் ஏன் பாடமும் எடுக்கிறார்? செட்டிநாட்டு வளவிலிருந்து ஒரு விளக்கம்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் மழைக்காலம் முடிந்த கையோடு போனால், ஏதாவது ஒரு பெரிய வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) பத்திருபது கல்லூரிப் பிள்ளைகள் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். ஒருவர் அளவு சொல்வார், ஒருவர் எழுதுவார், இன்னொருவர் தரையில் உட்கார்ந்து தூணின் போதிகையை (தூணுக்கு மேல் இருக்கும் தாங்கியை) வரைந்துகொண்டிருப்பார். கூட வந்திருக்கும் பெரியவரைக் காட்டி வீட்டு வாட்ச்மேன் கேட்பார்: "இவரு காலேஜ் வாத்தியாரா, வீடு கட்டுற இன்ஜினியரா?"

அவர் ஆர்க்கிடெக்ட். வாரத்தில் இரண்டு நாள் கல்லூரி ஸ்டூடியோவில் இருப்பார், மிச்ச நாள் தன் அலுவலகத்திலும் சைட்டிலும் இருப்பார். பெயர்பெற்ற ஆர்க்கிடெக்டுகளின் வாழ்க்கைக் குறிப்பைப் புரட்டினால் பெரும்பாலும் இந்த இரட்டைச் சவாரிதான் தெரியும்: "இத்தனை கட்டிடங்கள்" என்ற வரிக்கு அடுத்தே "இத்தனை ஆண்டு பேராசிரியர்". படிக்கிறவருக்கு இது ஏதோ பக்க வருமானம் போலத் தோன்றும். அப்படி இல்லை. இந்தத் தொழிலின் அமைப்பே அதுதான்.

முதலில், யார் ஆர்க்கிடெக்ட்?

சிவில் இன்ஜினியரும் ஆர்க்கிடெக்டும் ஒன்றல்ல. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் இருக்கிறது. அதன்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் தன் பெயருக்கு முன்னால் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். அந்தச் சட்டம் காப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரை மட்டுமே, கட்டிடம் வடிவமைக்கும் வேலையை மற்றவர்களுக்குத் தடைசெய்யவில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே கொத்தனாரும் இன்ஜினியரும் வீட்டுக்கு பிளான் போடுவது குற்றமில்லை. ஆனால் பதிவில்லாதவர் 'ஆர்க்கிடெக்ட்' என்று போர்டு மாட்டினால் அது குற்றம். வேலை கொடுக்கும் முன் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

படிப்பு ஐந்து வருடம், பத்து செமஸ்டர். பி.ஆர்க். சேர பிளஸ் 2-வில் கணக்கும் இயற்பியலும் வேண்டும், நாட்டா நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். என்.ஐ.டி. போன்ற இடங்களுக்கு ஜே.இ.இ. இரண்டாம் தாள். காரைக்குடிப் பிள்ளைக்குப் பக்கத்தில் திருச்சி என்.ஐ.டி. இருக்கிறது, மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. படிப்பின் பிற்பகுதியில் ஒரு செமஸ்டராவது ஏதாவது ஒரு அலுவலகத்தில் பயிற்சி. கடைசியில் தீசிஸ்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஐந்து வருடத்திலும் பெரும்பாலான நேரத்தைத் தின்பது புத்தகப் பாடம் அல்ல, 'டிசைன் ஸ்டூடியோ'. அங்கே கரும்பலகை உரை கிடையாது. பிள்ளை வரைகிறது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து திருத்துகிறார். அந்த ஒருவர் கட்டிப் பார்த்தவராக இல்லாவிட்டால் திருத்தம் காகிதத்தோடு நின்றுவிடும்.

பிள்ளையார்பட்டிக்காரர் ஒருவர்

இந்த இரட்டைப் பாதைக்கு நம் வட்டாரத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. வை. கணபதி ஸ்தபதி பிள்ளையார்பட்டியில் 1927-இல் பிறந்தவர். பரம்பரைச் சிற்பக் குடும்பம். அப்பா வைத்தியநாத ஸ்தபதி, மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றவர். 1961-இல் அந்தப் பொறுப்பு மகனிடம் வந்தது. 27 ஆண்டு அங்கேயே முதல்வராக இருந்தார்.

இந்த 27 ஆண்டில் அவர் உளியைக் கீழே வைக்கவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சென்னை வள்ளுவர் கோட்டம் அந்தக் காலத்து வேலை. கன்னியாகுமரி வள்ளுவர் சிலை அவர் ஓய்வுபெற்ற பிறகு எழுந்து, 2000 ஜனவரி 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. சிலையின் உயரக் கணக்கையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம்: மொத்தம் 133 அடி, அதில் பீடம் 38 அடி, சிலை 95 அடி. அறத்துப்பால் 38 அதிகாரம், பொருளும் இன்பமும் சேர்ந்து 95. பொருளை அளவாக மாற்றுவது என்பது இதுதான். 2009-இல் பத்மபூஷண் பெற்றார், 2011-இல் மறைந்தார்.

ஸ்தபதி மரபில் 'தொழில் வேறு, கற்பித்தல் வேறு' என்ற பேச்சே இல்லை. பட்டறையில் சின்ன ஆச்சாரி பெரிய ஆச்சாரியின் கையைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார். கல்லூரி வந்தபோது அந்தப் பட்டறைக்கு மதிற்சுவரும் சான்றிதழும் கிடைத்தன, அவ்வளவுதான். இன்றைய பி.ஆர்க். ஸ்டூடியோவும் மேற்கிலிருந்து வந்த அதே பட்டறை வழக்கத்தின் வேறு வடிவம்தான்.

வளவை அளப்பது: பாடமும் தொழிலும் சந்திக்கும் இடம்

இனி அந்த டேப் பிடித்த பிள்ளைகளிடம் போவோம். அவர்கள் செய்வதற்கு 'மெஷர்டு டிராயிங்' என்று பெயர்: இருக்கிற கட்டிடத்தை அளந்து, பிளான், செக்‌ஷன், எலிவேஷன் (மேலிருந்து, குறுக்கே வெட்டி, நேர் எதிரே பார்க்கும் படங்கள்) வரைவது. நாடு முழுதும் உள்ள கட்டிடக்கலை மாணவர் சங்கமான நாசா நடத்தும் போட்டிகளில் இதற்கென்றே லூயி கான் பெயரில் ஒரு கோப்பை இருக்கிறது. செட்டிநாட்டுக்குக் கல்லூரிகள் படையெடுக்க அதுவும் ஒரு காரணம்.

நல்ல ஆசிரியர் முதல் அரை நாள் டேப்பை வெளியே எடுக்கவே விடமாட்டார். வீட்டைச் சுற்றி நடந்து, கையால் ஒரு கோட்டுப்படம் போடச் சொல்வார். ஒவ்வொரு இடத்துக்கும் வீட்டு ஆச்சி சொல்லும் பெயரையே எழுத வேண்டும்: திண்ணை, முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாம் கட்டு, அடுப்படி. 'ஹால்', 'லிவிங் ரூம்' என்று எழுதினால் தாள் திரும்பி வரும். வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் 'பெட்ரூம்' அல்ல, ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் உரிய பங்கு. பெயர் தவறினால் பிளானின் காரணமே தவறிப்போகும்.

பிறகு அளவு. புதியவர் செய்யும் முதல் தவறு, தூணுக்குத் தூண் தனித்தனியாக அளப்பது. 18 மீட்டர் நீள வராந்தாவில் ஆறு தூண் என்றால் ஏழு துண்டு அளவு. ஒவ்வொன்றிலும் அரை செ.மீ. கூடினாலும் கடைசியில் மூன்றரை செ.மீ. எங்கிருந்தோ முளைத்து நிற்கும். அதனால் ஒரு மூலையில் பூஜ்யத்தை வைத்து, டேப்பைத் தூக்காமல் தொடர் அளவாகவே எடுக்க வேண்டும்: 2.61, 5.18, 7.77 என்று. துணி டேப் இழுத்தால் நீளும், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். லேசர் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: உச்சி வெயிலில் வளவுக்குள் அந்தச் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. காலையில் அளக்கலாம், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் ஒருவர் வெள்ளை அட்டையைப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது மூலைவிட்டம். எந்தப் பழைய வீட்டிலும் மூலை சரியாக 90 டிகிரி இருக்கும் என்று நம்பக் கூடாது. 6 மீட்டருக்கு 8 மீட்டர் வளவு என்றால் மூலைவிட்டம் 10 மீட்டர் வர வேண்டும். 10.07 வந்தால்? ஏழு செ.மீ. தானே என்று விட்டுவிட்டால், 8 மீட்டர் சுவரின் மறுமுனை வரைபடத்தில் 11, 12 செ.மீ. இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அடுத்த கட்டு பொருந்தாது. அதற்குப் பிறகு இரவெல்லாம் உட்கார்ந்து 'சுவரை நகர்த்துவது' பிள்ளைகளின் வழக்கமான பொய். ஆசிரியர் அதைத்தான் முதலில் பிடிப்பார். அவர் வெளிப்பக்க மொத்த நீளத்தைத் தனியாக அளந்து சட்டைப்பையில் வைத்திருப்பார். உள் அளவுகளும் சுவர்க் கனங்களும் கூட்டி அந்த எண்ணுக்கு வருகிறதா என்று பார்ப்பார். சுவர்க் கனம் வாசற்காலில் மட்டும்தான் நேராகக் கிடைக்கும். அங்கே அளக்கும்போது பூச்சையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று எழுதி வைக்காவிட்டால் கணக்கு இடிக்கும்.

உருண்டைத் தேக்குத் தூணுக்கு நூல் போதும். சுற்றளவு 94 செ.மீ. வந்தால் 3.14-ஆல் வகுக்க விட்டம் 30 செ.மீ. தூண் மேலே போகப் போகச் சிறுக்கும், ஆகவே அடி, நடு, மேல் என்று மூன்று இடம். தரை மட்டத்துக்கு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்): தெரு எவ்வளவு, முகப்பு எவ்வளவு, வளவின் பள்ளம் எவ்வளவு என்று ஒரே ஒரு குறியிலிருந்து எடுக்க வேண்டும். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் அன்றைய வேலை வீண்.

இதுவரை சொன்னதைப் பாடம் மட்டும் எடுக்கும் ஆசிரியரும் சொல்லித் தந்துவிடலாம். சைட் பார்த்தவரின் கண் வேறிடத்தில் போகும். சுவரின் அடியில் இடுப்பளவுக்குப் பூச்சு உதிர்ந்து, வெள்ளை உப்புப் பூத்திருக்கும். "அளந்தாச்சா? இது ஏன் இங்க மட்டும் இப்படி இருக்கு?" என்பார். பிள்ளைகள் 'பழசு' என்பார்கள். காரணம் வயது அல்ல. யாரோ அந்தப் பகுதியைச் சிமென்ட் வைத்துப் பூசியிருப்பார்கள். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அடைத்துக்கொள்ளும். ஈரம் உள்ளே தேங்கி, பூச்சுக்குப் பின்னால் உப்பு கட்டி, செங்கல்லோடு சேர்த்துத் தள்ளிவிடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து, கண்ணாடி மாதிரி மினுக்கிய பழைய பூச்சுக்குப் பக்கத்தில் அந்தச் சாம்பல் திட்டைப் பார்த்த பிள்ளை, பின்னாளில் சிமென்ட் மூட்டையைத் தூக்கும் முன் ஒருமுறையாவது யோசிக்கும்.

ஜூரி என்றால் என்ன

செமஸ்டர் முடிவில் பிள்ளைகள் தாள்களைச் சுவரில் ஒட்டி, நின்று விளக்க வேண்டும். வெளியிலிருந்து ஓரிரு ஆர்க்கிடெக்டுகள் வந்து கேள்வி கேட்பார்கள். இதுதான் ஜூரி. அழுதுவிடும் பிள்ளைகளும் உண்டு.

ஒரு மாணவி கானாடுகாத்தானுக்கு விருந்தினர் விடுதி வரைந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் அழகான வளவு, நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு, படம் பிரமாதம்.

"வளவைப் பார்த்துச் சரியிற கூரை எத்தனை சதுர மீட்டர்மா?"

"நூத்தி இருபது சார்."

"ஒரு மணி நேரத்துல 50 மில்லிமீட்டர் மழை பெஞ்சா?"

கணக்கு எளிது. 120 சதுர மீட்டரில் 50 மி.மீ. என்றால் 6,000 லிட்டர். நிமிடத்துக்கு 100 லிட்டர். நாலு மூலைக்கும் பிரிந்தால் மூலைக்கு 25. அதைத் தாங்கும் குழாய் போட முடியும்தான். ஆனால் அவள் வரைந்திருப்பது ஒரே ஒரு வடிகால், அதுவும் வேப்பமரத்துக்குக் கீழே. இலை அடைத்தால் ஐப்பசியில் விருந்தாளிகள் கணுக்கால் தண்ணீரில் நிற்பார்கள். பழைய வளவு தாழ்ந்திருப்பதும், மூலைகளில் தண்ணீரை வாங்க அண்டாக்கள் நின்றதும் அலங்காரத்துக்கு அல்ல என்று அவளுக்கு அன்றைக்குத்தான் உறைக்கும்.

இதில் கேட்பவருக்கும் லாபம் உண்டு. தினமும் பில், கான்ட்ராக்டர், கோப்பு என்று ஓடுகிறவருக்குத் தன் வழக்கங்களைக் கேள்வி கேட்க நேரமே கிடைக்காது. பிள்ளை "ஏன் சார்?" என்றால் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் வராவிட்டால், அது வெறும் பழக்கம் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

கான், தோஷி, ராஜே

இந்த அறிவு கை மாறும் விதத்தைக் காண அகமதாபாத்தைப் பார்க்கலாம். அமெரிக்கரான லூயி கான் 1947 முதல் யேல் பல்கலைக்கழகத்திலும் பிறகு பென்சில்வேனியாவிலும் பாடம் எடுத்தார். அவர் பேர் சொல்லும் கட்டிடங்கள் பெரும்பாலும் ஐம்பது வயதுக்குப் பிறகு, அதாவது ஆசிரியரான பிறகு வந்தவை. இளமையில் பெயர் வரவில்லையே என்று தவிக்கும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பி.வி. தோஷி 1950-களின் தொடக்கத்தில் பாரிஸில் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் லெ கார்பூசியரிடம் வேலை பார்த்துவிட்டு வந்து, சொந்த அலுவலகம் நடத்தியபடியே 1962-இல் அகமதாபாத்தில் கட்டிடக்கலைப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய செப்ட் பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்துக்குக் கான் வந்ததில் தோஷிக்குப் பங்குண்டு. அனந்த் ராஜே, பிலடெல்பியாவில் கானின் அலுவலகத்தில் இருந்துவிட்டுத் திரும்பி, 1974-இல் கான் இறந்த பிறகு அந்த வளாக வேலையைத் தொடர்ந்தார், தோஷியின் பள்ளியில் பல ஆண்டு கற்பித்தார். ஒரு செங்கல் வளைவின் அறிவு அலுவலகம், சைட், வகுப்பு என்று மூன்று இடமும் சுற்றி வந்திருக்கிறது. தோஷிக்கு 2018-இல் கட்டிடக்கலையின் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோது வயது 90. அந்தப் பரிசு பெற்ற முதல் இந்தியர் அவர்.

எல்லாரும் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்றில்லை. கேரளத்தில் வேலை செய்த ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கற்பித்தது பெரும்பாலும் சைட்டில், கொத்தனார்களுக்கு. எலிப்பொறிக் கட்டு (சுவருக்குள் வெற்றிடம் விட்டுச் செங்கல் அடுக்குவது) போன்ற செங்கல் மிச்சப்படுத்தும் முறைகளைக் கையால் படம் போட்டுச் சின்னச் சின்ன கையேடுகளாகத் தந்தார். பாரம்பரிய வீடுகளின் அருங்காட்சியகமான முட்டுக்காடு தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்று பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்த வளாகத்தின் தொடக்கத் திட்டம் பேக்கருடையது. அவரிடம் பழகிய பென்னி குரியகோஸ் அதைத் தொடர்ந்தார்.

செட்டிநாட்டில் தொழில் எப்படி ஓடுகிறது

இங்கே ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்க எடுக்கும் ஆர்க்கிடெக்டுக்கு முதல் இடைஞ்சல் கரையானோ கூரையோ அல்ல, பங்காளிகள். ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்குகூட இருக்கலாம். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். எழுத்தில் எல்லோருடைய சம்மதமும் வரும் முன் வேலை தொடங்கினால், பாதி ஓடு பிரித்த நிலையில் நின்றுபோகும். பிரித்த கூரைக்கு ஒரே ஒரு ஐப்பசி போதும்.

ஆர்க்கிடெக்டின் கூலி பெரும்பாலும் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசி, கட்டம் கட்டமாக வாங்குவது. புது வீட்டுக்கு இது சரி. பழைய வீட்டில் செலவு குறைய நல்ல யோசனை சொன்னால் தன் கூலியும் குறையும். அதனால் நாள் கணக்கிலோ மொத்தத் தொகையாகவோ பேசுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

கமிஷன் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கவுன்சிலின் 1989-ஆம் ஆண்டு தொழில் ஒழுக்க விதிகளின்படி ஆர்க்கிடெக்ட் பொருள் விற்பவரிடம் கமிஷன் வாங்கக் கூடாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூண், கதவு விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும் ஊரில் இந்த விதிக்குத் தனி அர்த்தம். இங்கே விற்பனைக்கு வரும் ஒவ்வொரு தூணும் எங்கோ இடிபட்ட ஒரு வளவு. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறின. இடிப்பது அதனால் நின்றுவிடவில்லை.

கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் மாளிகையை மிஷேல் அத்மான், பெர்னார் திராகோன் என்ற இரண்டு பிரெஞ்சு ஆர்க்கிடெக்டுகள் புதுப்பித்து விடுதியாக நடத்துகிறார்கள். வட்டாரத்தின் ஊர்களை ஆவணப்படுத்தும் வேலையிலும் இறங்கினார்கள். தொழில், ஆய்வு, கற்பித்தல் மூன்றும் ஒரே இடத்தில் கலப்பதற்கு அதுவும் ஒரு வடிவம்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் நிறக் குழம்பு ஊற்றி, மேலே சிமென்ட் மணல் கலவை போட்டு எடுப்பது அது. சூளை கிடையாது. மினுமினுப்பு வருவது கண்ணாடியிலிருந்து. 10 அங்குலக் கல் 100 சதுர அடிக்கு 144 வேண்டும், உடைசலுக்கு 10 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். போட்ட பிறகு மொசைக் மாதிரி மெஷின் விட்டால் நிறமே போய்விடும். ஆசிட் ஊற்றிக் கழுவினாலும் அதே கதிதான்.

கல்லூரிப் பக்கம், பயோடேட்டா பக்கம்

ஆசிரியராக உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று ஏணி. பொதுவாக எம்.ஆர்க். வேண்டும், இரண்டு வருடம். மேலே போக பிஎச்.டி. கைகொடுக்கும். தொழில் அனுபவத்துக்கும் மதிப்புண்டு. முழுநேர ஆசிரியர் தனி அலுவலகம் நடத்தலாமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது. வாரம் இரண்டு நாள் மட்டும் வரும் 'விசிட்டிங் ஃபேகல்டி' வழிதான் இளம் ஆர்க்கிடெக்டுகள் பலரும் தொடங்கும் இடம். சம்பளம் சுமார். ஆனால் அடுத்த பயிற்சி மாணவரை அங்கேயே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஒரு ஆர்க்கிடெக்டின் வாழ்க்கைக் குறிப்பு கையில் வந்தால், விருதுப் பட்டியலைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் யாரிடம், எத்தனை வருடம் வேலை பழகினார் என்று பாருங்கள். மூன்று மாதம் என்றால் அது பயிற்சி, ஐந்து வருடம் என்றால் அது குருகுலம். பிறகு ஒவ்வொரு கட்டிடத்துக்கும் எதிரே வருடமும் அவர் பங்கும் இருக்கிறதா என்று பாருங்கள். 'டிசைன் டீம்' என்ற சொல்லுக்குள் தலைமை வடிவமைப்பாளரும் இருப்பார், கதவு அட்டவணை எழுதியவரும் இருப்பார். கட்டி முடிந்ததா, காகிதத்திலேயே நின்றதா என்றும் கேட்கலாம். கற்பித்தல் வரியில், எந்த ஆண்டு மாணவர்களின் ஸ்டூடியோ என்று போட்டிருந்தால் விவரம் தெரிந்தவர். படங்கள் எல்லாம் திறப்பு விழா நாளன்று எடுத்தவையாக இருந்தால், அந்த வீடுகளில் ஒன்றையாவது நாலைந்து மழைக்குப் பிறகு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.